அடுப்பு எரியாத கடை

எங்கள் வீட்டு அடுப்படியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்திருக்கிறது. உட்புறத்தை வழவழவென்று தேய்த்து, விளிம்பை அராவிக் கிண்ணமாக்கியது. விருந்தாளி யாராவது தெரியாமல் கையில் எடுத்தால் ஆத்தா வெடுக்கென்று வாங்கி வைத்துவிடுவாள். என் அண்ணன் கடைசியாக விரும்பிச் சாப்பிட்டது அதில்தான். புதுக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது.

அந்தக் கடையில் அடுப்பே கிடையாது. மாடிப்படி ஏறிப் போனால் நாலைந்து மேசை, ஒரு மண்பானை, எதையும் வேகவைப்பதில்லை என்று சுவரில் ஒரு பலகை. முளைகட்டிய பயறு, எலுமிச்சை பிழிந்த ஊறல் அவல், இழை இழையாகச் சீவிய சுரைக்காய், தேங்காய்ப்பாலில் கேரட்டைத் துருவிப் போட்ட பாயசம். பாலோ தயிரோ நெய்யோ மருந்துக்குக்கூட இல்லை. தெருவுக்குத் தெரு பரோட்டாக் கல் சத்தம் கேட்கிற ஊரில் இப்படி ஒரு கடைக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன். என் அண்ணன் போன்றவர்கள்தான் வந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் மெலிந்த ஒருவர், பக்கத்தில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வீட்டு ஆள் ஒருவர்.

அண்ணன் வளைகுடாவில் சமையல்காரனாக இருந்தவன். பாதி வயதை அனலுக்கு முன்னால் நின்றே கழித்தான். வயிற்றில் புற்று என்று தெரிந்து ஊர் திரும்பினான். தஞ்சாவூரில் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வீட்டுல வச்சு, அவர் கேக்குறதக் குடுங்க" என்றார். அதற்கு என்ன பொருள் என்று எனக்கும் ஆத்தாவுக்கும் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் வெந்ததைத் தின்று வந்த வியாதி வேகாததைத் தின்றால் போய்விடும் என்று பிடித்துக்கொண்டான். கடை நடத்திய அம்மாள் பொய் சொல்லவில்லை. "கொணமாயிரும்னு சொல்ல மாட்டேன் தம்பி, வயித்துக்குப் பாரமில்லாம இருக்கும்" என்று முதல் நாளே சொன்னார். அவன் சிரித்தபடி இன்னும் கொஞ்சம் அவல் கேட்டான். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டு வேறு எதைக் கொடுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தாவையும் என்னையும் புதுக்கோட்டைக்குப் போகும் கறம்பக்குடி பஸ்ஸில் ஏற்றி அந்தக் கடைக்குக் கூட்டிப்போனான். சின்னப் பிள்ளையிலிருந்தே ஆத்தா முதல் வாய் தின்றுகாட்டாமல் எதையும் தொடாதவன் அவன். வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தான். "நீயும் ஒரு வாய் தின்னாத்தான் ஆத்தா எனக்கு ஒடம்புல ஒட்டும்."

ஆத்தா மேசையில் உட்கார்ந்து அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தாள். "அடுப்பு எங்கிட்டும்மா இருக்கு?" என்று கேட்டாள். இங்கே அடுப்பே இல்லை என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். ஆத்தாவின் முகம் செத்துவிட்டது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதுதான் சாப்பாடு. "எழவு வீட்டுலதான் அடுப்பு எரியாது. எம்புள்ள உசுரோட இருக்கையில இங்க நான் கை நனைக்கவா?" என்று எழுந்தவள், மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆத்தா பங்கும் எனக்குத்தான்" என்று அண்ணன் கேலி செய்தான். கொட்டாங்கச்சியில் பாயசம் வந்தது. பாதிக்குமேல் அவனால் முடியவில்லை. மீதியை நான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆத்தா அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றிலிருந்து அதை அணையவே விடவில்லை. சமைக்க ஒன்றும் இல்லாவிட்டால் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். கேஸ் தீர்ந்துவிடும் என்று கத்தினால், "எரியட்டும், ஒனக்கென்ன?" என்பாள். அடுப்பு எரிகிறவரை இது எழவு வீடு ஆகாது என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவல், அவளுக்கு அடுப்பு. இரண்டுக்கும் நடுவில் நான் எதையும் நம்பமுடியாமல் அல்லாடினேன்.

இரண்டும் கைவிட்டன. ஒரு விடியற்காலையில் அவன் போய்விட்டான். பக்கத்து வீட்டுச் சித்தி உள்ளே வந்து கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை இறக்கிவைத்து அடுப்பை அணைத்தாள். அதுவரை கல்லாக இருந்த ஆத்தா அந்தத் திருகுச் சத்தம் கேட்டுத்தான் அலறினாள்.

ஊர்க்காரர்கள் இட்லியும் காப்பியும் கொண்டுவந்தார்கள். மத்தியானம் கடைக்கார அம்மாள் ஒரு தூக்குவாளியில் அவலும், அண்ணன் வழக்கமாகச் சாப்பிடும் கொட்டாங்கச்சியுமாக வந்தார். ஆத்தா எதையும் தொடவில்லை. எடுத்துப்போய் எரித்துவிட்டு எல்லோரும் திரும்பிய பிறகு, நான் அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்தேன். ஆத்தா சோற்றைத் தள்ளிவிட்டு அந்தத் தூக்கைத் திறந்தாள். அவல் புளித்துப்போயிருந்தது. கொட்டாங்கச்சியில் போட்டு ஒரு வாய் தின்றாள்.

அந்தக் கடை இப்போது இல்லை. எங்கள் வீட்டு அடுப்பை நான்தான் பற்றவைக்கிறேன். ஆத்தா அதன் பக்கமே வருவதில்லை. காலையில் கொட்டாங்கச்சியில் அவலை ஊறப்போட்டு, உப்பில்லாமல், முழுசையும் தின்று முடிப்பாள். நல்லா இருக்கா என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாவே இல்ல. எம்புள்ள இத எப்படித்தான் தின்னானோ" என்றாள். கொட்டாங்கச்சியைக் கழுவி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். பிறகு நாளைக்கு அவல் இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்தாள்.