யாருமில்லாதவனின் தாய்மாமன்

என் அக்காள் மகன் ஈஸ்வரனுக்கு இந்த உலகத்தில் யாருமே இல்லை. நான் சொல்லவில்லை சாமி, அவனே பாட்டாகப் பாடி செல்போன் செல்போனாகப் பரப்பிவிட்டான். போடி பஸ் ஸ்டாண்டில் நின்று அவன் ஒரு தும்மல் போட்டால், திரும்பிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அவனுக்குச் சித்தப்பன், பெரியப்பன். அவனுக்குத்தான் யாருமில்லையாம்!

மதுரையில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலையோடு வருவான் என்று பார்த்தால், கிதாரோடு வந்தான். ஏலக்காய் வியாபாரி யோசேப்பின் மகன் சாம்சனைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் குடோனுக்குள் இருவரும் பாட ஆரம்பித்தார்கள். மூட்டை அடுக்கியிருந்தால் சத்தம் வெளியே போகாதாம். எங்கே போகாமல் இருந்தது? வீட்டில் ஈஸ்வரன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான், பாட்டுக்கென்று அவன் வைத்துக்கொண்ட பெயர் ஈஷ்.

பாட்டு முதலில் காய்ச்சல்காரன் முனகுகிற மாதிரி போகும். பிறகு ஃபஸ்ட் கியரில் போடிமெட்டு மலை ஏறுகிற ஜீப்பைப் போல உறுமி, 'கதவைத் தட்டாதே, எனக்கு யாருமில்லை' என்று அலறும். அது ராக் மியூசிக்காம். இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். விடிந்ததும் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து எஸ்டேட்டில் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவேன், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவேன். ஒருநாள் ஜீப்பில் அவர்களில் ஒருத்தி, மாயக்காள், செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டாள்.

"என்னண்ணே, ஒம் மருமகனுக்கு யாருமே இல்லையாமே? நீ இருந்து என்னதான் செய்யுற?"

ஜீப்பே சிரித்தது. எனக்கு எங்கே கொண்டுபோய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. அவனுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். வலி தாங்காமல் என் சட்டையைப் பிய்த்துவிட்டான் பயல். எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அந்த ஒருத்தன்தான். சபையில் நான் தலை நிமிர்ந்து உட்காருவது தாய்மாமன் என்கிற ஒரே உரிமையில். அதில் மண்ணைப் போட்டுவிட்டானே!

அன்று சாயங்காலமே குடோனுக்குப் போனேன்.

"ஏண்டா, யாருமில்லைன்னா நான் யாருடா?"

"மாமா, அது ஒன்னையச் சொல்லல. அது ஒரு ஃபீலிங்கு."

"அந்த ஃபீலிங்குக்கு மடி குடுத்தது யாரு? மொய் செஞ்சது யாரு? 'மாமன் ஒருத்தரைத் தவிர'ன்னு சேத்துப் பாடு."

சாம்சன் மூட்டைக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான். ஈஸ்வரன் சிரிக்கவில்லை.

"மாமா, இந்த ஊருல எல்லாரும் எங்கிட்டக் கேக்குறது ஒன்னே ஒன்னுதான். சாப்ட்டியா? அதுக்கு மேல யாரு என்ன கேட்டுருக்கீங்க? மனசுல என்னடா கெடக்குதுன்னு நீ கேட்டுருக்கியா?"

இதென்ன பேச்சு என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். "சரி, சாப்ட்டியா?" என்றுதான் வந்தது.

கொஞ்ச நாளில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுச் சென்னையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், அங்கே வந்து பாடச் சொல்லி. என் அக்காள் அனுசியா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "தம்பி, நீ போகாதன்னு சொன்னா நிப்பான்டா." சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. போகட்டும், கூட்டத்துக்கு முன்னால் நின்றாலாவது யாருமில்லை என்கிற எண்ணம் போகாதா என்று விட்டுவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு அவனை வழியனுப்ப ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. புளிசாதம், முறுக்கு, திருநீறு. "இத்தன பேரு எதுக்கு மாமா?" என்று பல்லைக் கடித்தான். யாருமில்லாதவன் ரயிலில் கால் வைக்க இடமில்லாமல் போனான்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பிடித்தது சனி. பெண்கள் காய் எடுக்க இறங்கிப் போனால், சாயங்காலம் வரை ஜீப்புக்குள் நான் ஒற்றை ஆள். சுற்றிலும் ஏலச்செடி, சாரல். பொழுது போகட்டுமே என்று ஒருநாள் அந்தப் பாட்டைப் போட்டேன். மறுநாளும் போட்டேன். முதலில் முனகல்தான் பிடிபட்டது. பிறகு அலறலும் சேர்ந்து வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, 'எனக்கு யாருமில்லை' என்று நானே தொண்டை கிழியப் பாடுவேன். பாடி முடித்தால் நெஞ்சு லேசாகும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

போன வாரம் ஜீப்பில் அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவன் போன் செய்தான். குரலில் அத்தனை சந்தோஷம்.

"மாமா, ஒரு விசயம்! நேத்து மேடையில நீ கேட்ட மாதிரியே பாடிட்டேன். 'மாமன் ஒருத்தரைத் தவிர யாருமில்லை'ன்னு. எல்லாரும் கை தட்டுனாங்க மாமா. இனி அப்படித்தான்."

நான் கேட்டுக் கேட்டு வாங்கிய வரி. சந்தோஷம்தான் படவேண்டும்.

"அத ஏண்டா மாத்துன? பழசே நல்லாத்தான இருந்துச்சு," என்றேன்.

"நீதான மாமா சண்ட போட்ட?"

"அப்பப் போட்டேன். இப்பப் பழசையே பாடுறா. இங்கன ஒரு ஆளுக்கு அது வேணும்."

"மாமா... அது வந்து..." என்று இழுத்தான். அவ்வளவு பாட்டு எழுதுகிறவன், என்ன கேட்பது என்று தெரியாமல் தடுமாறுகிறான்.

கடைசியில், "சாப்ட்டியா மாமா?" என்றான்.