தோளில் பதிந்த கை

பேத்தி மத்தாப்புப் பெட்டியைக் கிளறிய கையோடு என் தோளைப் பிடித்தாள். வெள்ளைச் சட்டையில் ஐந்து சாம்பல் விரல்கள் பதிந்தன. "தாத்தா சட்டையத் தொடாதடி!" என்று மகள் அதட்டினாள். குழந்தை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

மாரியும் அப்படித்தான் கட்டிக்கொண்டான். ஒன்பதாம் வகுப்பில் என் உயிர் நண்பன். விடுமுறை நாட்களில் வேன் ஏறிச் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போவான். எவ்வளவு தேய்த்தாலும் விரலிடுக்கில் அலுமினியப் பொடி மினுங்கும். அந்தக் கையை என் தோளில் போட்டுத்தான் பள்ளிக்கு நடப்பான்.

எங்களுக்கு விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி. ஒரு காலை என்னைக் கூப்பிட வந்தவனை அம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏலே மாரி, இவன் தோள் என்ன ஒனக்குக் கைப்பிடிச் சுவரா? தொவைச்சுத் தொவைச்சு என் கை ஓஞ்சு போச்சு."

"இனிமே போடலம்மா" என்று சிரித்தான். தெருவில் இறங்கியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நடங்க மொதலாளி, மணியடிச்சிரும்" என்றான்.

கிண்டல்தான். ஆனால் பள்ளி முடியும்வரை அந்தக் கை என் தோளுக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை. சட்டை வெள்ளையாக இருந்தது எனக்கும் பிடித்திருந்தது.

பிற்காலத்தில் பட்டாசுக் கம்பெனிகளை ஆய்வு செய்யும் அதிகாரியானேன். தொழிலாளர் கை கழுவ சோப்பு வைக்காத முதலாளிக்கு விதி எண்ணோடு நோட்டீஸ் அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பேத்தி இன்னும் பின்னால் கட்டிய கையை எடுக்காமல் நின்றாள்.

"பரவால்ல, பிடிச்சுக்கோ தாயி" என்றேன்.

அன்றைக்கும் இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.