கண் திறந்து ஜெபித்தல்

ஞாயிறு ஆராதனையில் இரண்டாம் கீர்த்தனை பாடும்போது இருமல் வந்தது. வாயைத் துடைத்த துவர்த்துத் துண்டில் இரத்தம் இருந்தது. துவர்த்தை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மீதிப் பாட்டையும் பாடி முடித்தேன். இதை வாசிக்கும் காசநோயாளிகள் எவரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

மலையாள நாட்டோடு இருந்த எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. நான் தக்கலைச் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்தவன்; சபையில் மூப்பன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே (நெஞ்சின் உட்புறத்தைக் காட்டும் படம்) எடுத்து, வலது நுரையீரலில் குழி விழுந்திருப்பதைக் காட்டினார். ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) நாள்தோறும் போடப்பட்டது. மூன்றாம் மாதம் சளியில் கிருமி இல்லை என்றார். ஆனால் ஊசியை இடையில் விட்டால் நோய் முன்னிலும் வலுத்துத் திரும்பும் என்று எச்சரித்தார்.

சபைக்குத் திரும்பினேன். நான் அமர்ந்த பெஞ்சில் எனக்கு இருபுறமும் இடம் காலியாகவே கிடந்தது.

அப்போதுதான் என் மனைவி ஞானம்மாள், வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் நடத்திய வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு என்னை அழைத்தாள். "வெள்ளிக்கிழமை மட்டும் வந்திருங்க. ஒங்களுக்காவத்தான் ஜெபிக்காவ."

அந்தக் கூட்டத்தில் ஜெபத்துக்கு எழுந்து நின்று கண்களை மூடினோம். சற்று நேரத்தில் என் உடல் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. நான் ஆட்டவில்லை, அது தானாக ஆடியது. ஊழியக்காரர் என் தலையில் கை வைத்து, "ஆவியானவர் இறங்கிவிட்டார், இவர் சுகமானார்" என்றார். இனி ஊசி வேண்டாம், மாதக் கடைசி ஞாயிறன்று சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். மாதக்கணக்கில் என்னருகே வராதவர்கள் அன்று என்னைக் கட்டித் தழுவினார்கள். மறுநாள் முதல் நான் ஊசிக்குப் போகவில்லை.

திங்களன்று கிணற்றடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்களை மூடினேன். அதே ஆட்டம் வந்தது. துவைகல்லைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். அங்கே பாட்டுமில்லை, ஜெபமுமில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. சந்தையில் நின்று கண்ணை மூடிப் பார்த்தேன், ஆடினேன். திறந்தேன், நின்றுவிட்டது.

என்னோடு மூப்பராயிருந்த தாசையனிடம் மட்டும் இதைச் சொன்னேன். "ஓய், ஆவியானவரு ஒம்ம கெணத்தங்கரையில குளிச்சிட்டு, சந்தையில கருப்பட்டியும் வாங்கிட்டா போறாரு?" என்றார். சிரித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவும்" என்றும் சொன்னார்.

டாக்டர் என் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்களை மூடச் சொன்னார். சாயும்போது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"காதுக்குள்ளே உடம்பை நேராக நிறுத்துகிற ஓர் உறுப்பு உண்டு. இந்த மருந்து சிலருக்கு அதைக் கெடுத்துவிடும். கண் திறந்திருந்தால் பார்வை தாங்கிக்கொள்ளும்."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் போட்டிருப்பீர்களா?"

அவரையும் அன்றுமுதல் நான் முழுமையாக நம்பவில்லை. ஆனால் குழியைப் படத்தில் கண்டிருந்தேன். வாரத்துக்கு இரண்டு ஊசியாகக் குறைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டேன்.

மாதக் கடைசி ஞாயிறன்று சாட்சிக்கு எழுந்து இவ்வளவே சொன்னேன்: "நுரையீரல் தேறிவருவதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். அன்று நான் ஆடியது ஊசியின் கேடு. ஊசியை விடப்போவதில்லை." என் விசுவாசம் தணிந்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. பெஞ்சில் இருபுறமும் இடம் மீண்டும் காலியாயிற்று.

அதன்பின் ஜெபவேளையில் முன்பெஞ்சைப் பிடித்தபடி கண் திறந்தே நின்றேன். கொட்டாவி விடுகிறவர்களையும் கடிகாரத்தைப் பார்க்கிறவர்களையும் கண்டேன். ஒருநாள் பெண்கள் பக்கம் பார்த்தேன். ஞானம்மாளும் ஊழியக்காரரும் முன்கூட்டியே பேசிவைத்து என்னை அந்தக் கூட்டத்துக்கு இழுத்தார்களோ என்ற ஐயம் எனக்குள் கிடந்தது. அவள் கண்களும் திறந்திருந்தன. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "நீ கண்ண மூடலியா?"

"நான் மூடுனா, நீங்க விழுந்தா ஆரு பாக்க?"

"எப்ப இருந்து?"

"அந்த வெள்ளிக்கிழம இருந்தே. நீங்க ஆடுனத நான் கண்ணத் தொறந்துல்லா பாத்தேன். ஆவி வந்த ஆளு மாதிரி இல்ல. பயந்துபோன ஆளு மாதிரி இருந்தீய."

"பின்ன ஏன் சொல்லல?"

அவள் என் வழியில் கிடந்த கல்லைக் காலால் ஒதுக்கினாள். "எல்லாரும் ஒங்களக் கெட்டிப் பிடிச்சாவ. எம்புட்டு மாசம் ஆச்சி."

நுரையீரலில் இப்போது தழும்பு மட்டுமே உண்டு என்கிறார்கள். ஆட்டம் போகவில்லை. இருட்டில் சுவரைத் தொட்டே நடக்கிறேன். முன்பு ஜெபத்தின் நீளத்தை நான் அறிந்ததில்லை; இப்போது அதை என் பாதங்கள் அறியும். ஆமென் வரும்வரை எங்கள் சபையில் இரண்டு பேர் கண் திறந்திருக்கிறோம்.