இதுவும் ஈயம்தானே

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே கை ஓடாது. எட்டாவது வரைதான் படித்தேன், எழுத்து வரவில்லை, அதனால்தான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உள்ளபடி எழுதினால் கோயிலில் எனக்குத் தருகிற முதல் விபூதியை வேறு யாருக்காவது தருவார்களோ என்ற பயம். இப்போது அந்தப் பயம் விட்டுப்போயிற்று. அந்த விபூதியும் நெற்றியில் நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். அணைத் தண்ணீரை நம்பிக் கரும்பும் நெல்லும் வைக்கிற குடும்பம். ஒரே மகள். தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்தோம். நாலு வருஷம் பிள்ளை தங்கவில்லை. தங்கினால் ஆடியில் என் வீட்டுக் குண்டானிலேயே கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்றுகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அடுத்த ஆடி வந்தபோது மகளுக்கு மூன்று மாதம். சோறு கண்டால் குமட்டுகிறது என்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அந்தக் குண்டான் பித்தளை. பல வருஷமாகப் பரணில் கிடந்தது. உள்ளே பூசியிருந்த ஈயம் போய், பச்சை பூத்திருந்தது. வெறும் பித்தளையில் புளிப்பு வைத்தால் களிம்பு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபடியும் ஈயம் பூசியாக வேண்டும்.

அப்போது ஈயம் பூசுகிறவர் ஒருவரும் அவர் சம்சாரமும் கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் அடுப்பு போட்டிருந்தார்கள். அந்த அம்மா துருத்தி போடும். அவர் காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தைத் தொட்டு, பஞ்சால் துடைத்துக்கொண்டே வருவார். நான் காப்பு கட்டி மஞ்சள் வேட்டியில் இருந்தேன். அதனால் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டார். குண்டானைத் திருப்பிப் பார்த்தார். தன்னிடம் இருக்கிற ஈயம் இதற்குப் போதாது, கள்ளக்குறிச்சிக்குப் போய் வாங்கிவர ரெண்டு நாள் ஆகும் என்றார். எனக்கோ மாவு கரைத்துப் புளிக்க வைக்க வேண்டிய நாள் அதுதான்.

எங்கள் மாட்டுக் கொட்டகையில் என் அப்பாவின் வீச்சுவலை ஆணியில் தொங்கியது. அணையில் மீன் பிடித்த வலை. அதன் ஓரத்தில் கோத்திருந்த ஈயக் குண்டுகளை எல்லாம் அறுத்துத் துண்டில் முடிந்துகொண்டு வந்து அவர் முன்னால் கொட்டினேன்.

"இதுவும் ஈயம்தானே?" என்றேன்.

அவர் ஒரு குண்டை எடுத்து நகத்தால் கீறினார். "இது கருப்பா கீதுங்க சாமி. வலைக்குப் போடறது. சோறு ஆக்கறதுக்கு வாணாம்."

"கருப்பா இருந்தா இன்னாப்பா? நீகூடத்தான் கருப்பா கீற. ஒன் சம்சாரம் வாணாம்னா சொல்லிச்சி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ரெண்டு நாள் பொறுத்தால் நல்லதாகப் போட்டுத் தருவதாக மறுபடியும் சொன்னார். அம்மன் காரியத்தைத் தள்ளிப்போட முடியாது, அவளுக்கென்று செய்வதில் கெட்டது ஒன்றும் வராது என்றேன். ஊரில் நாலு பேர் என் பக்கம். அவர் வெளியூர்க்காரர். தன்னிடம் இருந்ததையும் என் குண்டுகளையும் சேர்த்து உருக்கிப் பூசிக் கொடுத்தார். குண்டான் உள்ளே பளபளவென்று இருந்தது.

அதிலேயே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தோம், அதிலேயே கூழ் காய்ச்சினோம். கோயிலில் முதல் சொம்பை மகளுக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாப்பா, இந்த வருசம் கூழு தித்திக்குது?" என்றாள். நானும் குடித்துப் பார்த்தேன். புளிப்புக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு தித்திப்பு. வெல்லம் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அன்றைக்குக் குடித்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு சொம்போடு போயிற்று. என் மகளுக்குப் போகவில்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றிய குண்டான், பிரசவம் முடியும்வரை அவளுக்கு இதிலேயே ஆக்கிக் கொடு என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். விளக்கித் தேய்க்க முடியவில்லை என்று முணுமுணுத்தாலும் அவள் என் பேச்சைத் தட்டவில்லை. தினமும் ராத்திரி கரைத்துவைத்து, காலையில் மோர் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தோம்.

ஐப்பசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இருக்கிறது என்றார்கள். எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது என்று என் வீட்டுக்காரி நர்ஸம்மாவிடம் சண்டைக்குப் போனாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இப்படிச் சிலருக்கு வரும், கவனமாக இருங்கள் என்றது அந்த அம்மா. பக்கத்து வீட்டுக்காரி, "கரும்பு போடற வூட்டுல சக்கரை வராம உப்பா வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்போது அதைக் கேட்டு மகளும் சிரித்தாள்.

வாழைப்பழம், அதிரசம், காப்பியில் சர்க்கரை, எல்லாவற்றையும் நிறுத்தினோம். நான் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறிப்போய், தெரிந்த ஒரு மலைக்கார வீட்டில் சாமை வாங்கிவந்தேன். சர்க்கரைக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். சாமை நல்லதுதான். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைக் கஞ்சியாக்கி, மோர் விட்டுப் புளிக்கவிட்டு, அந்தக் குண்டானில்தான் வைத்தோம்.

சர்க்கரை இறங்கவில்லை. ஊசி போட ஆரம்பித்தார்கள். வயிறு வலிக்கிறது என்பாள், சூடு என்போம். முகம் வெளுத்தது, கீரை கொடுத்தோம். சாப்பிடப் பிடிக்கவில்லை என்று கிண்ணத்தைத் தள்ளுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மன் குண்டான் கஞ்சி, வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்வேன். என் பேச்சுக்காகக் குடிப்பாள்.

மார்கழியில் ஒரு நாள் விடிந்தும் விடியாமல் கோயிலிலிருந்து பொங்கல் வாங்கிக்கொண்டு வந்தேன். மகள் கட்டிலில் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அதனால் அவள் சொன்னது முதலில் காதில் விழவில்லை. கிட்டப் போனேன்.

"நேத்துலேர்ந்து புள்ள அசையலப்பா."

பெண் குழந்தை. தலை நிறைய முடி. நல்ல கனம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து என் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன்.

பிறகும் மகளுக்கு வயிற்று வலி போகவில்லை, ரத்தம் ஊறவில்லை, விரல் மரத்துப்போகிறது என்றாள். தை மாதம் வேறொரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அந்த அம்மா கேட்ட கேள்வியெல்லாம் யாரும் கேட்காதது. என்ன குங்குமம் வைக்கிறாள், நாட்டு மருந்து சாப்பிட்டாளா, எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள் என்று கேட்டது. ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பியது. ரிசல்ட் வந்த அன்று என்னையும் மருமகனையும் உட்காரவைத்துப் பேசியது.

"ஈயம்னு சொன்னீங்களே, எந்த ஈயம்? வெள்ளீயமா, காரீயமா? பாத்திரத்துக்குப் பூசறது வெள்ளீயம். பேட்டரியில இருக்கறது, வலையில கட்டறது, அதெல்லாம் காரீயம். அது விஷம். புளிப்பு பட்டா கரையும், கரைஞ்சா தித்திக்கும். இவங்க ரத்தத்துல அதுதான் இருக்கு."

ஈயத்தில் இரண்டு ஈயம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதனால்தான் சர்க்கரை வந்ததா, பிள்ளை போனதா என்று மருமகன் கேட்டார். அதனால்தான் என்று சொல்ல முடியாது, சர்க்கரைக்குப் பல காரணம் உண்டு என்றது டாக்டரம்மா. ஆனால் இந்த மாதிரி உலோகங்கள் உடம்பில் ஏறினால் மாசமாக இருக்கிற பெண்களுக்குச் சர்க்கரை வர வாய்ப்பு கூடும் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்கள், தாய் ரத்தத்தில் இருப்பது பிள்ளைக்கும் போகும், இது இல்லை என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றது. பிறகு என்னைப் பார்த்து, யார் பூசியது என்று கேட்டது.

"பூசறவன் பண்ணதுங்க. எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அதைத்தான் ஆறு வருஷமாக எழுத முடியவில்லை.

மருமகன் ஆத்திரமாகக் கிளம்பினார். கூட என் பங்காளிகள் இரண்டு பேர். தடுக்காமல் நானும் பின்னால் போனேன். எலவனாசூர்கோட்டை போகிற வழியில் ஒரு ஊரில் அவரும் சம்சாரமும் அடுப்பு போட்டிருந்தார்கள். அடுப்பை எட்டி உதைத்தார்கள். துருத்தியைக் கிழித்தார்கள். விஷத்தைப் பூசிப் பிள்ளையைக் கொன்றவன் என்று அந்த ஊரே கேட்கும்படி சொன்னார்கள். அவர் அந்த மூன்று பேரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

"சாமிக்குத் தெரியும்," என்றார்.

எதற்குடா சாமியை இழுக்கிறாய் என்று ஒரு பங்காளி கை ஓங்கினான். நான் கீழே சிதறிக் கிடந்த கரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. எங்கே போனாலும் அந்தப் பேச்சு முன்னால் போயிருக்கும். ரெண்டு வருஷம் கழித்துத் தேட ஆரம்பித்தேன். பாத்திரக் கடைகளில், திருவிழாக்களில் விசாரித்தேன். வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர். இறந்துவிட்டார் என்றார்கள் சிலர். பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான்.

குண்டானை யாரும் எடுத்துச் சமைத்துவிடக் கூடாது என்று கடப்பாறையால் அடியில் ஓட்டை போட்டு, கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மகளுக்கு வந்த சர்க்கரை போகவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாள். பிறகு இரண்டு தடவை நாள் தள்ளியது, இரண்டும் தங்கவில்லை. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் அம்மனிடம் ஒன்றும் கேட்பதில்லை. நான் கேட்டு அவள் கொடுத்ததை என்ன செய்தேன் என்று அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

இந்த ஆடியில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலையை அறுத்தது, அவர் வேண்டாம் என்றது, நான் கேலி செய்தது, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள், அழுவாள் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"தித்திக்குதுன்னு நான் சொன்னேனேப்பா," என்றாள். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்தாளு கிட்ட இத யாரு போய்ச் சொல்றது?" என்றாள்.

அதனால்தான் எழுதினேன். எங்கள் சொந்தத்தில் இன்னமும், ஈயம் பூசுகிறவன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் இன்னொருவருக்குச் சொல்வீர்களானால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு, தெரியாமல் செய்தான் பாவம் என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள். வெறும் ஈயம் என்று சொல்லாமல் காரீயம் என்று சொல்லுங்கள். பூசியவர் வேண்டாம் என்றார், தகப்பன்தான் கொண்டுபோய்க் கொட்டினான் என்று சொல்லுங்கள். சுற்றிச் சுற்றி எங்கேயாவது அவர் காதிலோ அவர் சம்சாரத்தின் காதிலோ விழுந்தால், அது மாறாமல் விழ வேண்டும்.