நரி ராஜா கைக்குப் போன மடைச் சாவி

திருவிழா நாடகம் எழுதுவது பெரிய வித்தையில்லை. எழுதியதை ஊர்ப் பெரிய மனிதருக்கு வாசித்துக் காட்டிவிட்டு உதை வாங்காமல் வீடு திரும்புவதுதான் வித்தை. என்னைப் போல நாடகம் எழுதி மாட்டிக்கொண்ட சகபாவிகளுக்கு இது தெரியும்.

யார் அந்த நரி?

அறுபதுகளின் கடைசி. ஒக்கூர்ப் பக்கம் ஒரு ஊருக்குத் திருவிழா நாடகம் எழுதப் போயிருந்தேன். கண்மாய் மடையின் சாவி பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் இடுப்பிலேயே தொங்கும். அவருடைய தென்னந்தோப்பு குளித்து முடித்த பிறகுதான் மற்றவர் வயலுக்குத் தண்ணீர். கடைமடையில் மாரியாயி என்ற அம்மாளின் நெல், கதிர் விடும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நேரில் கேட்க ஊரில் யாருக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை. அதனால் காட்டுக் குளத்தைப் பூட்டி வைத்துக்கொண்ட ஒரு நரி ராஜாவைப் பற்றி நாடகம் எழுதினேன்.

வழக்கப்படி பிரசிடெண்டிடம் வாசித்துக் காட்டினேன். உதை விழுந்தால் ஓட வசதியாக வாசலோரமாகவே உட்கார்ந்துகொண்டேன். அவரோ தொடையைத் தட்டிச் சிரித்தார். போன தேர்தலில் தன்னிடம் தோற்றவர்தான் நரி என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். "அந்தாளை அப்படியே எழுதியிருக்கீக வாத்தியாரே. இன்னுங் கொஞ்சம் கிழிச்சு விடுங்க."

ஒத்திகை வடை

நரி வேடம் செல்லையாவுக்கு. தையல் மெஷினும் கொஞ்சம் வயலுமாகப் பிழைக்கிற பரம சாது. அட்டைக் கிரீடத்தைத் தலையில் வைத்ததும் ஆள் மாறிவிட்டார். ஆமை வேடக்காரரின் வடையையும் எடுத்துத் தின்றார். ஏனய்யா என்றேன். "ராசா எங்கயாச்சும் ஒத்த வடையோட எந்திரிப்பானா?"

சிம்மாசனம்

ராஜாவுக்கு ஆசனம் வேண்டுமே. பிரசிடெண்ட் பெருந்தன்மையாகத் தன் பர்மாத் தேக்கு நாற்காலியையே அனுப்பிவைத்தார். பஞ்சாயத்துப் பேச அவர் உட்காருவது அதில்தான். ஊரில் அதைத் தெரியாத ஆளில்லை. திரை விலகியது. அதே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு நரி, இடுப்பில் சாவி. கைதட்டலும் விசிலும் ஓயவில்லை. முன்வரிசையிலிருந்த பிரசிடெண்ட் மேடையோரம் நின்ற என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீகளா, நம்ம நாற்காலிக்கே இம்புட்டு மரியாதை."

அன்பளிப்பு

ஆமை கெஞ்சியது, நரி சாவியைத் தர மறுத்தது. கூட்டத்தில் மாரியாயி எழுந்தார். "ஏப்பா ஆமை, அங்குட்டு ஏன் கேக்குற? சாவி இங்குட்டுல்ல முன்னால உக்காந்திருக்கு."

கூட்டத்தின் தலைகளெல்லாம் முன்வரிசைப் பக்கம் திரும்பின. பிரசிடெண்டின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. நரி யாரென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

நாடகத்தின் நடுவே பெரிய மனிதர்கள் மேடையேறி, பிடித்த நடிகருக்கு அன்பளிப்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனுஷன் அந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். மடைச் சாவியைக் கழற்றி நரியின் கையில் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "நானே குடுக்கணும்னுதேன் இருந்தேன். நாடகம் முந்திக்கிருச்சு."

மறு வருடம்

விடிந்ததும் செல்லையா போய் மடையைத் திறந்தார். மாரியாயி நெல் பிழைத்தது. என் எழுத்தால் ஒரு வயல் நனைந்ததே என்று தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மறு வருடம் திருவிழாவுக்குப் போனபோது கடைமடை வெடித்துக் கிடந்தது. செல்லையா வயலில் மட்டும் தண்ணீர் தளும்பியது. அன்பளிப்பாக வாங்கிய சாவியை அவர் யாருக்கும் தரவேயில்லையாம். வரப்பில் நின்ற மாரியாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழைய நரி நாற்காலியாச்சும் எரவல் குடுத்துச்சு வாத்தியாரே. நீங்க முடிசூட்டுன நரி அதுவுங் குடுக்காது."

அன்றிலிருந்து நரி வேடத்துக்கு ஆள் எடுக்கும்போது, நடிக்க வருமா என்று கேட்பதற்கு முன்னால் வயல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.