தெற்குச் சுவருக்கு வந்த கப்பல்

படம் விற்கிறவன் படத்தை விற்பதோடு தப்பிக்க முடியாது; அதை அவனேதான் மாட்டியும் கொடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் மேலே... ஐயையோ, இவ்வளவு மேலே இல்லை" என்று கீழேயிருந்து குரல் வர, முக்காலியில் நின்றபடி ஆணியோடு விரலையும் சேர்த்து அடித்துக்கொண்ட அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அது யுத்த காலம். சாமி படம் அனுப்புங்கள் என்று பட்டணத்து மொத்தக் கடைக்காரருக்கு எழுதினால், அவரிடம் தேங்கிக் கிடந்த சீமைப் படங்களை அனுப்பிவிட்டார். அரியலூர் ஸ்டேஷனில் பார்சலைப் பிரித்தேன். முருகன் கேட்டவனுக்குக் கூடை நிறையப் பூனைக்குட்டி! பனிமலை, கப்பல், தோள் தெரிய உட்கார்ந்திருக்கும் துரைசாணி... அழுகையே வந்துவிட்டது. விலை மலிவு என்பது ஒன்றுதான் ஆறுதல். பெரம்பலூருக்குத் திரும்பும்போது, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடுகிற கரி பஸ் வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வெயிலும் தெரியவில்லை, பசியும் தெரியவில்லை. பஸ் கிளம்பத் தயாரானதுகூடத் தெரியவில்லை; கண்டக்டர்தான் வந்து தோளைத் தட்டினார்.

துரைசாணிக்கு ரவிக்கை

அரியலூரில் ஒரு வக்கீல் குமாஸ்தா வீட்டம்மாவுக்குத் துரைசாணியின் முகம் பிடித்துப்போயிற்று. தோள்தான் பிடிக்கவில்லை. "இந்தக் கோலத்துல கூடத்துல எப்படிங்க மாட்டறது?" என்றார். நான் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரி ஊதாப் பட்டுத் துணியில் அளவாக ஒரு ரவிக்கை வெட்டி, கஞ்சிப் பசை தடவி ஒட்டி, கண்ணாடி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நடுவில் துரைசாணி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் ஜரிகைச் சங்கிலி ஒட்டி, மூக்குத்தியும் குத்தியாகிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து அந்தம்மா சொன்னார்: "நம்ம வூட்டுக்கு வந்த பொண்ணை மூளிக் கழுத்தோட வெச்சிருந்தா நாலு பேரு எங்களைத்தானே ஏசுவாங்க?"

மலை நிறையப் பஞ்சு

பெரம்பலூர் பஞ்சு மண்டிக்காரர் பனிமலைப் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "இவ்வளவு பஞ்சும் எந்த ஊரு வெள்ளாமை?" என்று கேட்டார். பனி என்று சொன்னேன், சீமையில் ஆள் உயரத்துக்கு விழும் என்று கையை உயர்த்தியும் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டார். சித்திரை வெயிலில் மத்தியானம் மண்டிக்குள் போனால் மனிதர் அந்தப் படத்துக்கு நேர் கீழே மல்லாந்து கிடப்பார், கண் மட்டும் மலை மேலே இருக்கும். "பனி எப்படிக் குளுகுளுன்னு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். புரண்டுகூடப் படுக்காமல் சொன்னார்: "பனின்னா உருகிடும்யா, பஞ்சாவே இருக்கட்டும், படுத்துக்கிட்டுப் பாக்க அதுதான் சொகம்."

போகிறதா, வருகிறதா?

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. படத்தில் நடக்கிறது, ஓடுகிறது எதுவானாலும் வீட்டுக்குள்ளே வருகிற மாதிரி மாட்ட வேண்டும். பசுமாடு வாசலைப் பார்த்து நடந்தால் அந்த வீட்டில் யாரும் அதன் கீழே சோறு தின்ன மாட்டார்கள். இது தெரிந்தும் குரும்பலூரில் நான் கோட்டை விட்டேன்.

அங்கே தைலம்மை என்று ஒரு பெண். புருஷன் நல்லமுத்து ரங்கூனில் அரிசி மில்லில் வேலை பார்க்கப் போனவர். அங்கே குண்டு விழுந்ததாகச் செய்தி வந்ததிலிருந்து அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தைலம்மை மற்ற படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வடக்குச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு இறங்கினேன். அவள் முகம் செத்துப்போயிற்று. கப்பலின் மூக்கு வலது பக்கம். வாசலும் வலது பக்கம்.

எதிரே தெற்குச் சுவரில் மாட்டினால் கப்பல் உள்ளே வந்துவிடும். ஆனால் அந்தச் சுவர் அவளுடையது இல்லை! பாகம் பிரித்தபோது கூடத்தின் நடுவே காவிக் கோடு போட்டிருந்தார்கள். வடபாதி இவளுக்கு, தென்பாதி நல்லமுத்துவின் அண்ணனுக்கு. அந்த அண்ணன் பெண்சாதி பொன்னம்மாவும் இவளும் ஒரு செப்பு அண்டாவுக்காகச் சண்டை போட்டுப் பேச்சை விட்டவர்கள். கேட்டுப் பாரம்மா என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். "கழட்டிடுங்க. ஒரு தடவை வழியனுப்பினது போதாதா, தெனமும் வேற அனுப்பணுமா?"

கண்ணாடி வைத்தியம்

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூக்கு இடப்பக்கம் இருக்கிற கப்பலுக்கு எங்கே போவேன்? சீமைப் படம் வரத்தே நின்றுபோயிருந்தது. அடுத்த வாரம் ஒரு யோசனையோடு போனேன். வடக்குச் சுவரில் பெரிய நிலைக்கண்ணாடியை மாட்டி, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த, ஆணி இறங்காத கல்தூணில் படத்தைக் கண்ணாடியைப் பார்க்கச் சாய்த்தேன். கண்ணாடிக்குள் கப்பல் திரும்பிக்கொண்டது. அலையெல்லாம் அடுப்படிப் பக்கம் அடிக்கக் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

தைலம்மை கண்ணாடிக்குக் கிட்டே வந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பொன்னம்மாவின் முறம்கூட நின்றுபோயிற்று. நான் கெட்டிக்காரன்தான் என்று எனக்கே பெருமை. தைலம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கப்பலு வருதுங்க, ஆனா அதுல என் மூஞ்சிதான் தெரியுது, அவரு மூஞ்சி தெரியலீங்களே."

எலிக்குப் பூனை

கண்ணாடியைச் சுமந்துகொண்டு திரும்பினேன். அதன் பிறகு ஒரு மாதம் குரும்பலூர்ப் பக்கமே தலைகாட்டவில்லை. வெட்கம்தான், வேறென்ன? வரதராசன்பேட்டைக்குப் போய்ப் பூனைக்குட்டிகளை ஒரு வாத்தியார் தலையில் கட்டினேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டவா என்றால், நேராக நெல் குதிருக்கு மேலே கை காட்டினார். மறுபடி போனபோது எலி எப்படி என்று கேலியாகக் கேட்டேன். வாத்தியார் சிரிக்கவே இல்லை: "கொறைஞ்சிருக்கு, குட்டிங்கதானே, இன்னும் கொஞ்சம் வளந்தா சரியாப்போவும்."

வாயில் என்ன?

மனசு கேட்காமல் மறுபடி குரும்பலூர் போனேன். கப்பல் தூணடியில் தூணைப் பார்த்துத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. "இன்னிக்குக் கேட்டுடறேங்க" என்றாள் தைலம்மை. படத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கோடு வரைக்கும் போனாள். அங்கே நின்றவள் நின்றவள்தான். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் பொன்னம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நடுவில் புகுந்து நானே கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் தெற்குச் சுவரைப் பார்த்தேன். நடு மத்தியில், கப்பலுக்குச் சரியான உயரத்தில், பளபளவென்று ஒரு புது ஆணி. அதில் ஒன்றும் தொங்கவில்லை. கொஞ்சம் கோணலாக அடித்திருந்தது, சுற்றிலும் காரை பெயர்ந்திருந்தது, பெண்பிள்ளை அடித்த ஆணிதான். தைலம்மையும் பார்த்துவிட்டாள். படத்தோடு அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதாள். பொன்னம்மா கீரைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்: "கண்ணாடி வந்த அன்னிக்கே அடிச்சு வெச்சிட்டேன், வாயில என்னடி கொழுக்கட்டையா? ஒனக்குப் புருஷன்னா எனக்குக் கொழுந்தன் இல்லையா?"

வழி நெடுகத் தேடிய கப்பல்

நல்லமுத்து வந்துவிட்டார். கப்பலில் இல்லை, கூட்டத்தோடு கூட்டமாகக் காடும் மலையும் நடந்து, அசாமில் காய்ச்சலில் கிடந்து எழுந்து, கிடைத்த ரயிலைப் பிடித்து அரியலூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி வந்தாராம். கேள்விப்பட்டதும் ஓடினேன். எலும்பும் தோலுமாகத் தெற்குச் சுவரோரம், அண்ணன் பங்கில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தைலம்மை, மறுபக்கம் பொன்னம்மா, இரண்டு பேர் கையிலும் கஞ்சிக் கிண்ணம். இன்னும் இரண்டு அடுப்புத்தான், இரண்டு கஞ்சிதான். அண்டாவும் பொன்னம்மாவிடமேதான். அழிந்துபோயிருந்த காவிக் கோட்டை மட்டும் யாரும் புதுசாகப் போடவில்லை.

எனக்கு ஒரே சங்கடம். நடந்து வந்த மனிதனின் தலைக்கு மேல் நான் விற்ற கப்பல்! "அண்ணே, இதைக் கழட்டிட்டு வேற நல்ல படமா மாட்டிடட்டுங்களா?" என்றேன். அவர் தலையை அண்ணாந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, ஊட்டுகிறவர்களும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இருக்கட்டுங்க. ஒரு கப்பல் கெடைக்காதான்னு வழி நெடுகத் தேடிக்கிட்டே நடந்தேன், அது எனக்கு முன்னாடி வூட்டுக்கு வந்துட்டுது."

ஊரில் எனக்குப் படக்காரன் என்று பேர், ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சுவரில் ஒரு ஆணிக்கு இடம் கேட்டு அலைந்தவன்தான்.