சராசரி மூளைக்குள் அண்ணன்

மூளைகளைச் சராசரி எடுப்பது என் பிழைப்பு. ஊர் உறங்கும்போது கம்ப்யூட்டர் முன்னால் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் சக பாவிகளே, உங்களிடம் சொன்னால்தான் இது விளங்கும்.

அயலூர் அச்சு

காரைக்குடியில் எனக்கு ஒரு வாடகை அறை, மதுரையில் ஓர் ஆராய்ச்சிக் குழு, நடுவில் இணையம். ஞாபகம் மங்கிவரும் பெரியவர்களின் ஸ்கேன் படங்கள் வரும். ஒவ்வொரு மூளைக்கும் மென்பொருள் வரையும் மேற்பரப்பைத் திருத்தி, ஒரு பொது மூளையின் மேல் பொருத்தினால்தான் யாருக்கு எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஒப்பிட முடியும். மென்பொருளோடு வரும் பொது மூளை வெளிநாட்டுக்காரர்களுடையது. நம் ஆட்களின் மடிப்புகள் அதில் சரியாக உட்காரவில்லை. அதனால் ஆய்வுக்கு வந்தவர்களையே சேர்த்துச் சொந்தமாக ஒரு சராசரி செய்கிறோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தூக்கம் வராமல் நானே கற்றுக்கொண்டது.

இதை டீக்கடைக்காரரிடம் விளக்கினேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப ஒருத்தருக்கும் சொந்தமில்லாத மூளைக்கா விடிய விடியக் காவல் இருக்கீக?"

அழகான தப்பு

முதல் சராசரியை நானும், சிவகங்கையிலிருந்து இதே வேலை பார்க்கும் ஆரோக்கியமும் செய்தோம். தலையை ஆட்டியதால் கலங்கிய படங்கள், சுருங்கிப்போய்த் திருத்த வராத மூளைகள், எல்லாவற்றையும் ஒதுக்கினோம். வந்தது கொழுகொழுவென்று ஒரு மூளை. ஆரோக்கியம் போனிலேயே கைதட்டினான்.

மதுரைக் குழுவின் தலைவர் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். சுருங்கியவற்றைத் திருத்திச் சேர்க்கவும், கலங்கியவர்களைத் திரும்ப ஸ்கேனுக்கு அழைக்கவும் சொன்னார். வைக்கும் முன் ஒன்று கேட்டார்: "நோய்க்காரங்களை வெளிய நிறுத்திட்டு, உள்ள நோயைத் தேடப்போறீங்களா ரெண்டு பேரும்?"

மஞ்சள் கயிறு

வெளியே நின்றவர்களில் என் அண்ணனும் ஒருவர். திருப்பத்தூரில் இரும்புக்கடை வைத்திருந்தவர். இப்போது என்னையே யாரென்று கேட்கிறார். முதல் ஸ்கேனில் பாதியில் எழப்பார்த்தார். அண்ணிக்கு ஒரே பிடிவாதம்: "மருந்துதான் இல்லைங்கிறாக, ஆராய்ச்சியிலயாச்சும் அவுக சேரணும் தம்பி."

கூட வந்தவர் உள்ளே நின்று காலைப் பிடித்துக்கொள்ளலாம். உடம்பில் உலோகம் கூடாது. முதல் தடவை தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அண்ணி வெளியிலேயே நின்றுவிட்டார். இந்தத் தடவை மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தாலிச் சங்கிலியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் அசையவே இல்லை. படம் துல்லியம்.

வெளியே வந்ததும் அண்ணியின் கழுத்தையே பார்த்தார் அண்ணன். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "புதுப்பொண்ணு போல இருக்கு. மாப்பிள்ளை எங்குட்டு இருக்காக?"

திரையில்

புதுச் சராசரி, மடிப்புகளின் இடைவெளி கொஞ்சம் அகன்று, கொஞ்சம் வாடித்தான் வந்தது. டாக்டரம்மா சரி என்றார். அண்ணி தானும் பார்க்க வேண்டும் என்றார். திரையில் அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். விரலை நீட்டி, தொடாமல், "இதுல அவுக எங்குட்டு இருக்காக?" என்று கேட்டார். தனியாகக் காட்ட முடியாது, எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறார் என்றேன்.

அண்ணி சங்கிலியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வீட்லயும் அப்படித்தான் தம்பி இருக்காக."

சராசரி எடுக்கும் தொழிலில் ஆளைச் சேர்த்துவிடலாம். திருப்பித் தரச்சொல்லி மட்டும் யாரும் கேட்கக்கூடாது.